படம் ஒன்று, குரல் ஒன்று

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாகத் தெற்கே வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை சுல்தான் பத்தேரி வழியாகக் கேரளத்துக்கும், மற்றொரு கிளை பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் ஊடே நீலகிரிக்கும் செல்கின்றன. முன்னாளில் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1997-ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கியுள்ளது. கன்னடம், தமிழ், மலையாளம் ஆகிய மூன்றும் சந்திக்கும் முச்சந்தி என்றே இதனைக் கூறலாம். வனவிலங்குகளின் நலம் கருதி, 2009 முதல் இக்காட்டுச் சாலைகளில் இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை, சில பேருந்துகளும் அவசர ஊர்திகளும் நீங்கலாக, வண்டிகள் செல்லத் தடையுண்டு. ஆனால் திரைப்படத்துக்கும் கைப்பேசிச் செய்திக்கும் அத்தகைய தடை எதுவும் இல்லை. சாலை உறங்கும் வேளையிலும் அவை எல்லை கடந்து வந்தவண்ணம் உள்ளன.

அவ்வாறு வரும் படங்களில் பல, பிறந்த மொழியிலேயே நம்மை வந்தடைவதில்லை. முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது. காட்சி ஓர் ஊரினது, அதன்மேல் ஒட்டிய சொல் வேறோர் ஊரினது. இக்கலவை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிந்துகொண்டால் படத்தைச் சுவைப்பதும் எளிதாகும். ஏமாறாமல் இருப்பதும் எளிதாகும்.

குரல் மாற்றும் கலையில் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1943-இல் கன்னடத்தில் வெளிவந்த ‘சத்திய ஹரிச்சந்திரா’ படத்துக்கு ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் தமிழ்க் குரல் சேர்த்து, 1944-இல் ‘ஹரிச்சந்திரா’ என வெளியிட்டார். இந்திய மொழி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குரல் மாற்றப்பெற்ற முதற்படம் அதுவே என்று திரை வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவர். பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. வேற்றுமொழிப் படங்கள் கன்னடக் குரலில் வந்தால் கன்னடக் கலைஞரின் பிழைப்பும் கன்னடப் படத்தின் வளர்ச்சியும் குன்றும் என்று அஞ்சி, 1960-களில் அ. ந. கிருஷ்ணராயர் முதலிய எழுத்தாளர்கள் கிளர்ச்சி செய்தனர். அதன் பயனாக, சட்டம் எதுவும் இன்றியே, கன்னடத்தில் குரல் மாற்றம் நெடுங்காலம் நின்றுபோயிற்று. தமிழ்ப் படங்கள் தமிழாகவே கர்நாடகத்தில் ஓடின. அத்தகைய தடை முறையன்று என்று 2015-இல் இந்தியப் போட்டி ஆணையம் தீர்ப்பளித்தது. 2017-இல் ‘என்னை அறிந்தால்’ என்னும் தமிழ்ப் படம் ‘சத்யதேவ் ஐ.பி.எஸ்.’ என்ற பெயருடன் கன்னடம் பேசி வந்தது. 2022-இல் ‘காந்தாரா’ என்னும் கன்னடப் படம் சில நாட்களுக்குள்ளேயே தமிழ் பேசிற்று.

இனி, குரல் மாற்றும் முறையைக் காண்போம். படத்தின் ஒலி ஒரே தடத்தில் அமைவதன்று. உரையாடல் ஒரு தடம்; இசையும், கதவு சாத்துவது, மழை பெய்வது போன்ற ஓசைகளும் வேறு தடங்கள். உரையாடல் தடத்தை மட்டும் நீக்கிவிட்டுப் புதுமொழிக் குரலை அவ்விடத்தில் பொருத்துவர். பொருளை மட்டும் பெயர்த்தால் போதாது. நடிகரின் வாய் திறக்கும்போது சொல் தொடங்கி, மூடும்போது முடிய வேண்டும். அதனினும் கடினம் இதழ் ஒட்டும் எழுத்துக்கள். ப, ம ஆகியவற்றை இரு இதழும் கூடாமல் ஒலிக்க இயலாது. முகம் பெரிதாகத் தெரியும் காட்சியில் இதழ் கூடாமல் ‘ப’ கேட்டால், காண்பவர் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

தமிழும் கன்னடமும் உடன்பிறந்த மொழிகள். ஆகவே இவ்வேலை எளிதென்று எண்ணத் தோன்றும். உண்மையோ வேறு. பழங்கன்னடத்தில் சொல் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாயிற்று. நம் பால் அங்கே ‘ஹாலு’; பத்து ‘ஹத்து’. மறுபுறம், நம் வகரம் அங்கே இதழ் ஒட்டி ஒலிக்கும் மெல்லிய பகரமாகின்றது. ‘வா’ என்பதைக் கன்னடர் ‘பா’ என்பர். ஆகவே நாம் இதழ் மூடும் இடத்தில் அவர்கள் திறக்கின்றனர். நாம் திறக்கும் இடத்தில் அவர்கள் மூடுகின்றனர்.

பந்திப்பூர்க் காட்டை ஒட்டி எடுத்த கன்னடப் படம் ஒன்றில் ஒருவன் ‘ஹுலி பந்து’ என்று கூவுவதாகக் கொள்வோம். ‘புலி வந்தது’ என்பதே இதன் பொருள். அவனுக்கு முதற்சொல்லில் இதழ் ஒட்டாது. இரண்டாம் சொல்லில் ஒட்டும். ‘புலி வந்தது’ என்று தமிழில் பேசினாலோ முதற்சொல்லில் ஒட்டும், இரண்டாவதில் ஒட்டாது. சொல்லுக்குச் சொல் சரியாயினும் வாய்க்கு வாய் முற்றிலும் முரண். தேர்ந்த உரையாசிரியர் ‘அதோ, புலி!’ என்று எழுதிவிடுவார். அசைகள் நான்கும் பொருந்தும், இதழ் ஒட்டும் இடமும் பொருந்தும், அச்சமும் குறையாது. இத்தகைய நூறு நூறு சிறு தந்திரங்களால் ஆனதே நல்ல குரல் மாற்றம். அடுத்த முறை அத்தகைய படத்தைக் காணும்போது இதழ்களைச் சற்றே கவனியுங்கள். திரைக்குப் பின்னுள்ள உழைப்பு விளங்கும்.

குரலை மாற்றாமல் அடியில் எழுத்து வரி இடுவது மற்றொரு முறை. நடிகரின் சொந்தக் குரலை இழவாமல் கேட்கலாம் என்பது இதன் நலம். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. சில வினாடிகளில் வரி மறைந்துவிடும். ஆகவே சுருக்கித்தான் ஆகவேண்டும். ஆங்கில வரியாயின் மற்றோர் இழப்பும் உண்டு. நமக்கு நீ, நீர், நீங்கள் என்ற வேற்றுமை உண்டு. கன்னடத்திலும் ‘நீனு’, ‘நீவு’ உண்டு. ஆங்கிலத்தில் அனைத்தும் ஒரே சொல். மருமகன் மாமனாரை முதன்முறையாக ‘நீ’ என்று அழைக்கும் கணம் கதையின் திருப்பமாக இருக்கலாம். ஆங்கில வரியை மட்டும் படிப்பவருக்கு அங்கே ஒன்றும் நிகழாது. வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவர். தமிழ் எழுத்து வாசியார். அவர்கள் இழப்பது இத்தகைய கணங்களையே.

அண்மைக்காலத்தில் இவ்வேலைக்கு இயந்திரமும் வந்துள்ளது. அது முதலில் பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும். பின் அவ்வெழுத்தை வேறு மொழிக்குப் பெயர்க்கும். அதன்பின் செயற்கைக் குரலில் பேசும். இந்திய மொழிகளுக்கென மத்திய அரசு 2022-இல் தொடங்கிய ‘பாஷிணி’ இத்துறையைச் சார்ந்ததே. ஒருவர் குரலின் மாதிரியைக் கொண்டு அவர் பேசாததையும் பேசச் செய்யும் கருவிகளும் உள்ளன. ‘லால் சலாம்’ (2024) படப் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் இவ்வாறு ஒலிக்கச் செய்தார். குடும்பத்தினரின் இசைவு பெற்றே அது செய்யப்பட்டது. இசைவின்றியும் செய்ய முடியும் என்பதே நாம் அஞ்சத்தக்கது.

ஒட்டிய குரல் இன்பத்துக்குரியது; ஒட்டிய பொய் அவ்வாறன்று. 2023 மார்ச் மாதத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுகின்றனர் என்று சில காட்சிகள் கைப்பேசிகளில் பரவின. வேறு இடங்களில், வேறு காரணங்களால் நிகழ்ந்தவற்றுக்குப் பொய்யான விளக்கம் சேர்த்து அனுப்பியிருந்தனர். தமிழ்நாட்டுக் காவல்துறை அவற்றை மறுத்தது. பீகார் அரசும் அலுவலர் குழு ஒன்றை அனுப்பி உண்மையை அறிந்தது. ஆனால் அதற்குள் அச்சம் பரவிவிட்டது. காட்சியில் பேசும் மொழி புரியாதவருக்கு அடியிலிருந்த வாசகமே சாட்சியாயிற்று. அங்கே வெளியூரார் அவர்கள். இங்கே வெளியூரார் நாம். காவிரித் தகராறு எழுந்த 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்த நாட்களை எவரும் மறந்திருக்க மாட்டார். அத்தகைய நாளில் பொய்க்காட்சி ஒன்று எரியும் நெருப்பில் எண்ணெய் ஆகும்.

ஆகவே, சினத்தையோ அச்சத்தையோ மூட்டும் காட்சி வந்தால், மேலே கூறிய அறிவையே அங்கும் பயன்படுத்துக. குரல் இதழோடு பொருந்துகின்றதா? கடைப் பலகையும் வண்டி எண்ணும் எந்த மாநிலத்தவை? பேசுவது விளக்கத்தில் சொல்லிய மொழிதானா? ஐயம் தோன்றினால் பிறருக்கு அனுப்பாது நிறுத்துக. அம்மொழி அறிந்த அண்டை வீட்டாரைக் கேட்டுத் தெளிக.

குண்டலுபேட்டை போன்ற எல்லையூர்களில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. சந்தையில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசும் அவர்கள், ‘புலி’யையும் ‘ஹுலி’யையும் ஒருசேர அறிவர். ஊரிலுள்ள உறவினர் கன்னடக் காட்சி ஒன்றைக் கண்டு கலங்கினால், ‘அவர்கள் பேசுவது இது; அடியில் எழுதியிருப்பது பொய்’ என்று எடுத்துரைக்க அவர்களால் இயலும். மொழிபெயர்ப்பாளரின் கடமை அதுவே. அதற்கு அலுவலகம் தேவையில்லை; இரு மொழியறிவும் சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும்.