விடியற்கால மலைக்காட்சி ஒளிப்படக்கலை

விடியற்கால மலைக்காட்சி ஒளிப்படக்கலை என்பது சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்பும் உதித்த பின் சில நிமிடங்கள் வரையிலும் மலைகளைப் படமெடுத்து, அப்படங்களைக் கணினியில் திருத்தி முடிக்கும் கலையாகும். இது இயற்கைக்காட்சி ஒளிப்படக்கலையின் ஒரு பிரிவு. இக்கலைக்குப் பெயர்பெற்ற இடங்களுள் ஒன்று மேற்கு வங்காளத்தில் டார்ஜிலிங் நகருக்கு அருகே ஏறத்தாழ 2,590 மீட்டர் உயரத்தில் உள்ள டைகர் ஹில். உலகின் மூன்றாவது உயரமான சிகரமாகிய கஞ்சன்ஜங்கா (8,586 மீட்டர்) அங்கிருந்து தெளிவாகத் தெரியும். இத்தாலிய ஒளிப்படக் கலைஞர் விட்டோரியோ செல்லா, 1899-இல் டக்ளஸ் பிரெஷ்ஃபீல்டின் குழுவுடன் இம்மலையைச் சுற்றிவந்து படமெடுத்தார்.

ஒளியின் இயல்பு

உதய நேரத்தில் சூரிய ஒளி வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீல ஒளி பெரும்பாலும் சிதறிவிடுவதால் சிவப்பும் ஆரஞ்சும் எஞ்சுகின்றன. உயரமான சிகரத்தில் சூரிய ஒளி முதலில் படும். ஆகவே பள்ளத்தாக்கு இருளில் இருக்கும்போதே கஞ்சன்ஜங்காவின் உச்சிப் பனி இளஞ்சிவப்பாகிறது. பின்னர் ஒளி படிப்படியாகக் கீழிறங்கிப் பொன்னிறமாகி, இறுதியில் வெண்மையாகிறது. இளஞ்சிவப்பு நிறம் சில நிமிடங்களே நீடிக்கும். அந்த நேரத்தில் இடம் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பதால், படத்தின் அமைப்பை இருட்டிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

படத்தை அமைத்தல்

முதலில் கவனிக்க வேண்டியது திசை. டைகர் ஹில்லில் சூரியன் உதிப்பது கிழக்கில். கஞ்சன்ஜங்கா இருப்பதோ ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வடக்கில். எனவே மலையை நோக்கி நிற்பவருக்கு ஒளி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. இத்தகைய பக்கவாட்டு ஒளியில் மலைமுகடுகள் ஒளிரும். மடிப்புகளில் நிழல் விழும். மலையின் திரட்சி இதனால்தான் படத்தில் புலப்படுகிறது.

அகலக்கோண வில்லையில் தொலைதூர மலை சிறு வெண்கோடாகச் சுருங்கிவிடும். 70 முதல் 200 மில்லிமீட்டர் வரையிலான வில்லை மலைக்கு உரிய இடத்தைத் தரும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைத்தொடர்களையும் அடுக்கடுக்காகக் காட்டும். சிகரத்தை மட்டும் எடுத்தால் அதன் அளவு விளங்காது. கீழே மரங்களின் கரிய உருவமோ, பள்ளத்தாக்கில் படிந்த மூடுபனியோ, ஊரின் விளக்குகளோ இடம்பெற்றால் பார்ப்பவர் மலையின் உயரத்தை உணர்வார்.

படமெடுத்தல்

ஒளிபட்ட பனிக்கும் இருண்ட பள்ளத்தாக்குக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடே இங்கு முதன்மையான சிக்கல். பனியின் வெளிச்சம் அளவு மீறினால் அங்குள்ள விவரம் அழிந்துவிடும். அதைத் திருத்தத்தில் மீட்க இயலாது. இருண்ட பகுதியை ஓரளவு மீட்கலாம். ஆகவே பனிக்கு ஏற்பவே வெளிச்சத்தை அளவிட வேண்டும். இளஞ்சிவப்புப் பனியில் சிவப்பு நிறமே முதலில் அளவைக் கடக்கும் என்பதால், ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியே பார்ப்பது நல்லது.

வேறுபாடு மிகுதியாக இருந்தால், முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் மூன்று படங்கள் எடுத்துப் பின்னர் இணைக்கலாம். மேற்பாதி கருமையான வடிகட்டி கடற்கரைக்குப் பொருந்தும். மலையில் அது உச்சியையும் சேர்த்து இருளாக்கிவிடும்.

படங்களை ரா கோப்பாகச் சேமிப்பது பயன்தரும். ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிநிலைகள் உள்ளன. கேமராவின் தானியங்கி வெண்சமநிலை, விடியலின் இளஞ்சிவப்பைக் குறையாகக் கருதி வெளுப்பாக்கக்கூடும். அதைப் பகல் ஒளி நிலையில் வைத்தால் நிறம் காக்கப்படும்.

திருத்துதல்

திருத்தத்தைப் பின்வரும் வரிசையில் செய்யலாம்:

1. படத்தின் சாய்வைச் சரிசெய்து, தேவையற்ற ஓரங்களை வெட்டுதல்.
2. வெண்சமநிலையை அமைத்தல். பனியின் நிழல் நீல வானத்தால் ஒளி பெறுவதால் அது நீலமாகவே இருக்கும். அந்த நீலத்தை முழுதும் நீக்கினால் காலையின் குளிர்ச்சி போய்விடும்.
3. பனியின் வெளிச்சத்தைக் குறைத்து, நிழலைச் சற்று உயர்த்துதல். பள்ளத்தாக்கைப் பட்டப்பகல் போல் ஆக்கக் கூடாது.
4. தொலைவின் மங்கலை அளவோடு குறைத்தல். மிகுந்தால் மலை விளிம்பில் ஒளிவளையம் தோன்றும், தொலைவுணர்வும் குன்றும்.
5. நிறச்செறிவை இறுதியில் சிறிதளவே கூட்டுதல்.

திருத்தத்தின் எல்லை

கேமரா பதிவு செய்யத் தவறியதைக் கண் கண்டவாறு மீட்பது திருத்தம். அங்கு இல்லாத ஒளியைச் சேர்ப்பது வேறு. கஞ்சன்ஜங்காவுக்குப் பின்னால் உதிக்கும் சூரியனை ஒட்டிய படம் அழகாக இருக்கலாம். ஆனால் டைகர் ஹில்லிலிருந்து பார்க்கையில் சூரியன் அந்தத் திசையில் உதிப்பதே இல்லை.

டைகர் ஹில்லிலிருந்து வடமேற்கில் மக்காலுவும் எவரெஸ்ட்டும் தெரியும். மக்காலு அருகில் இருப்பதால், உலகின் மிக உயரமான எவரெஸ்ட் அதைவிடச் சிறிதாகத் தோன்றும். எவரெஸ்ட்டைப் பெரிதாக்கிக் காட்டினால், அங்கு நின்று பார்ப்பவர் காணும் உண்மை மறைந்துபோகும். மலையை நேரில் அறியாதவர் அதைப் படத்தின் வழியாகவே அறிகிறார். எனவே கூறுகளைச் சேர்த்தோ மாற்றியோ உருவாக்கிய படமாயின், அதை விளக்கக் குறிப்பில் வெளிப்படையாகச் சொல்வதே முறையாகும்.