பூட்டு உடையவில்லை, பாட்டு எல்லாம் மாயம்!

பூட்டை யாரும் உடைக்கவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. ஆனால் பல வருஷமாகச் சேர்த்து வைத்த பாட்டு அத்தனையும் ஒரே நொடியில் காலி!

போலீசில் புகார் கொடுக்க முடியாத திருட்டு இது. செல்போன் கடைக்கு ஓடி வருபவர்களின் புலம்பல் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, போனை கம்ப்யூட்டர்ல சொருகினேன். இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன். எல்லாம் போச்சு!"

திருடன் யார்? அந்த 'சரி' தான்!

கண்ணாடி மாதிரி

கம்ப்யூட்டரில் இருந்து ஐபோனுக்குப் பாட்டு ஏற்றுவதை 'சிங்க்' என்பார்கள். பலர் இதைப் பத்திரப்படுத்துவது என்று நினைக்கிறார்கள். அது தப்பு. சிங்க் என்பது கண்ணாடி மாதிரி. கம்ப்யூட்டரில் ஒரு பாட்டை அழித்தால், அடுத்த சிங்கில் போனிலும் அது இருக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிப் பாட்டு ஏற்றிய ஐபோன், ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டரோடுதான் ஒத்துப் போகும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகினால், "பழையதை அழித்துவிட்டு இதை ஏற்றவா?" என்று கேட்கும். படிக்காமல் அமுக்கினால் கதை முடிந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டு இருந்தால் பிழைத்தோம். அதைப் பழைய விலைக்குத் தள்ளிவிட்டிருந்தால்?

ஆண்ட்ராய்டு போனில் இந்தத் தொல்லை குறைவு. கேபிளைச் சொருகி, பாட்டு போல்டரை அப்படியே காப்பி செய்யலாம். ஆனால் பஸ்சில் போன் பறிபோனால், பாட்டும் கூடவே போகும்.

5 கோடி பாட்டு

"பெரிய கம்பெனி இன்டர்நெட்டில் போட்டு வைத்தால் பயமில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

மைஸ்பேஸ் என்ற கம்பெனி, சர்வர் மாற்றும்போது பழைய பாட்டுகளைத் தொலைத்துவிட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. போனது 5 கோடி பாட்டுக்கு மேல் என்று செய்திகள் வந்தன. அதில் சுமார் 4 லட்சத்து 90 ஆயிரம் பாட்டுகள் மட்டும் திரும்பக் கிடைத்தன. காரணம், ஆராய்ச்சிக்காகச் சிலர் முன்பே காப்பி எடுத்து வைத்திருந்தார்கள். காப்பி இருந்தது பிழைத்தது. இல்லாதது ஒழிந்தது!

கூகுளின் பிளே மியூசிக் சேவையும் 2020-ல் மூடப்பட்டது. வேறு இடத்துக்கு மாற்றாதவர்களின் பாட்டுகள் 2021-ல் அழிக்கப்பட்டன.

மாதச் சந்தா கட்டி இறக்கிய பாட்டும் சொந்தம் இல்லை. சந்தா நின்றால் பாட்டும் நிற்கும்.

தப்பிக்க வழி

வழி சுலபம். பாட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே போல்டரில் போடுங்கள். அதுதான் தாய்ப் பிரதி. அதற்கு ஒரு காப்பி தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள். போனில் இருப்பது கேட்பதற்கு மட்டும்.

எம்.பி.3 பாட்டு ஒன்று சுமார் 5 எம்.பி. 64 ஜி.பி. பென் டிரைவில் 10 ஆயிரம் பாட்டு அடங்கும்.

பாட்டுக்குள்ளேயே படம், பாடகர் பெயரை எழுதி வைக்கவும் வசதி உண்டு. அதை நிரப்பாவிட்டால் போனில் எல்லாம் 'டிராக் 1, டிராக் 2' தான். எது எந்தப் பாட்டு என்று யாருக்குத் தெரியும்?

சினிமாப் பாட்டு போனால் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். கேசட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய பாட்டியின் தாலாட்டு எந்தக் கடையில் கிடைக்கும்?

'சரி' அமுக்கும் முன் ஒரு நிமிஷம் படியுங்கள்!