சென்னபட்டணத்துச் செப்பு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னபட்டணம் போய் வந்தேன் என்று நம் சங்கத்து வாசகசாலையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "அங்கே வெயில் எப்படி? கடற்கரைப் பக்கம் போனீர்களா?" என்று அன்புடன் விசாரித்தார். குற்றம் அவருடையதன்று. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் தமிழர் மனம் கடற்கரையை நோக்கித்தான் ஓடும். நான் போனதோ பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் இருப்புப்பாதையில் சுமார் 60 கிலோமீட்டரில், இராமநகரத்துக்கும் மத்தூருக்கும் இடையே உள்ள ஊர். கன்னடத்தார் சன்னபட்டண என்று வழங்குவர். மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. மைசூருக்குச் சாமுண்டேசுவரியைத் தரிசிக்கப் போகும்போது நம்மில் பலர் அதன் வழியே எத்தனையோ முறை சென்றிருப்போம், இறங்கியிருக்க மாட்டோம். இந்நகரில் பத்து ஆண்டுகளாக இரயில்வே பார்சல் குமாஸ்தாவாக இருக்கும் நானும் இறங்கியதில்லை.

இறங்க நேர்ந்ததற்குக் காரணம் என் தாயார். அவர் பிறந்தது அம்பாசமுத்திரம். மரச் செப்புச் சாமான் கடைந்து அரக்குப் பூசுவதில் அவ்வூருக்கு நெடுங்காலப் பெயர் உண்டு. அவருடைய சிறு வயதில் அவர் தந்தையார் வாங்கித் தந்த செப்புப் பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பானை, குடம், உரல், உலக்கை, திருகை எல்லாம் கட்டைவிரல் அளவில், சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். பெட்டியைத் திறந்தால் அரக்கு மணம் வரும். ஊரிலிருந்து வீட்டைக் காலி செய்து தாயாரை இங்கே அழைத்து வந்தபோது, லாரியில் ஏற்றிய சாமான்களுள் அந்தப் பெட்டி மட்டும் வந்து சேரவில்லை. நாள் முழுதும் பிறர் சாமான்களுக்குச் சீட்டு எழுதும் ஒருவன் தன் வீட்டுச் சாமானைத் தொலைத்த கதையை என் அலுவலக நண்பர்கள் இன்னும் மறக்கவில்லை. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் மகளுக்கு ஐந்து வயது நிறையும் நாள் நெருங்கியபோது, "பிளாஸ்டிக் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே ஞாயிறன்று காலைப் பாசஞ்சர் வண்டியில் ஏறினேன். கெங்கேரி, பிடதி, பிறகு இராமநகரம். அங்கே பட்டுக்கூட்டுச் சந்தை பெரிது. 1975இல் வெளிவந்த 'ஷோலே' படத்தைப் பிடித்த பாறைகளும் அங்கேதான் உள்ளன. எதிரில் இருந்த இளைஞர் அவற்றைக் காட்டி வசனமே பேசத் தொடங்கிவிட்டார். அவருக்கு முடிவதற்குள் சென்னபட்டணம் வந்துவிட்டது.

பழைய மைசூர்ச் சாலையின் இருமருங்கிலும் பொம்மைக் கடைகள் இருக்கின்றன. ஆடு குதிரை, தலையாட்டும் பொம்மை, பம்பரம், மணிச்சட்டம், நடை பழகும் வண்டி எல்லாம் வாயிலிலேயே அடுக்கியிருந்தார்கள். வாங்குவோரைத்தான் காணவில்லை. 2023 மார்ச்சில் பெங்களூர் - மைசூர் விரைவுச் சாலை திறக்கப்பட்டது. அது ஊருக்குள் வராமல் ஒதுங்கிப் போகிறது. முன்பெல்லாம் மைசூருக்குப் போகும் கார்கள் இங்கே தேநீருக்கு நிற்கும், குழந்தை அழும், தகப்பன் ஒரு பொம்மை வாங்குவான். அந்த அழுகையை நம்பித்தான் பாதிக் கடைகள் இருந்தன என்றார் ஒரு கடைக்காரர். இன்று குழந்தை கண் விழிப்பதற்குள் கார் மண்டியாவைத் தாண்டிவிடுகிறது. புகைவண்டி மட்டும் பழையபடி ஊருக்குள் வந்து நிற்கிறது. இதை என் இலாகாவின் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

அந்தக் கடையில் ஒரு செப்புச் செட்டு இருந்தது. பதினெட்டு உருப்படி, விலை 750 ரூபாய் என்றார். நான் 500 என்றேன். நம்மவருக்குப் பேரம் என்பது மூச்சு விடுவது போல. கால் மணி நேரம் பேசி 600க்கு முடித்தேன். கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தில் சுற்றினார். சுற்றும்போதுதான் ஒரு பானைக்கு மூடி இல்லாதது தெரிந்தது. "பின்சந்தில் பட்டறை இருக்கிறது. செய்தவரே இருப்பார். பானையைக் காட்டுங்கள், மூடி கடைந்து தருவார்" என்று வழி சொன்னார்.

பட்டறை என்பது ஓட்டுச் சாய்ப்பு ஒன்று. தரை முழுதும் வெண்மையான சுருள் சீவல். மின்சாரத்தால் சுழலும் கடைசல் இயந்திரத்தின் முன் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வீட்டில் உருது, வெளியில் கன்னடம் பேசுபவர். என் கன்னடமோ பார்சல் சாளரத்துக் கன்னடம்: எடை என்ன, எங்கே போகவேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்பதற்கு மேல் அதிகம் போகாது. எனினும் பேச்சு நடந்தது. பானையை வாங்கி வாயைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அளவுகோல் எடுக்கவில்லை. சிறு மரத்துண்டு ஒன்றை இயந்திரத்தில் பொருத்தினார்.

என்ன மரம் என்றேன். "ஆலெ" என்றார். ஆலமரத்திலா பொம்மை செய்கிறார்கள் என்று எனக்கு வியப்பு. வெளியே கிடந்த தழையைக் காட்டியதும் விளங்கியது. அது நம் வெட்பாலை. சொறி சிரங்குக்குத் தைலம் காய்ச்சுவார்களே, அதே மரம். தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரம் கொள்ளும்; பால் ஹாலு ஆகும், பல் ஹல்லு ஆகும். அவ்வாறே பாலை ஹாலெ ஆகி, வாய்ப்பேச்சில் ஹகரமும் தேய்ந்து ஆலெ என நின்றுவிட்டது. நம் ஊர் வேலியோரத்து மரம் இங்கே வேறு பெயரில் வாழ்கிறது. இதன் கட்டை தந்தம் போல் வெளுத்தது, நெருக்கமான இழை உடையது. உளிக்கு இணங்கும், பிளக்காது. வெட்டிய கட்டையை இரண்டு மூன்று மாதம் உலர வைத்த பிறகே தொடுவார்கள். ஈரமாகக் கடைந்த மூடி ஒரு கோடைக்குள் கோணிப்போகும் என்றார் பெரியவர்.

உளி பட்டதும் சீவல் நூலாக எழுந்தது. மூடி உருவானதும் உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு நான் பார்க்க விரும்பிய வேலை வந்தது. இங்கே தூரிகை இல்லை, வண்ணக் கிண்ணம் இல்லை. அரக்கைக் கரியனலில் இளக்கி, நிறம் சேர்த்து, நம் திருவிழாச் சவ்வு மிட்டாயைப் போல இழுத்து இழுத்துப் பிசைந்து, குச்சிகளாக உருட்டி வைத்திருக்கிறார்கள். சுழலும் மரத்தின்மேல் அந்தக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படிகிறது. சிவப்புக் குச்சி, அதன் ஓரத்தில் மஞ்சள் குச்சி. கை சற்று அசைந்தால் வளையம் கோணலாகும். கடைசியில் உலர்ந்த தாழை ஓலைத் துண்டு ஒன்றை மடித்து அதன்மேல் அழுத்தினார். மங்கலாக இருந்த அரக்கு பளிங்கு போல் ஒளிர்ந்தது. தாழையின் பூ கூந்தலுக்கு ஆகும் என்பதே நான் அறிந்தது; ஓலைக்கும் ஓர் உத்தியோகம் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

மஞ்சளுக்கு மஞ்சளும் நீலத்துக்கு அவுரியும் என்று செடி கொடிகளின் சாயத்தைச் சேர்ப்பது சிறந்த முறை. அரக்கோ ஒரு பூச்சி மரக்கிளைகளில் சுரந்து வைப்பது. ஆகவே இம்முறையில் செய்ததைக் குழந்தை வாயில் வைத்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. சாலையோரம் விற்பவை எல்லாம் அப்படி என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பெயிண்ட் அடித்தவையும் கலந்திருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.

இத்தொழிலைத் திப்பு சுல்தான் பாரசீகத்துக் கைவினைஞரை வருவித்துத் தொடங்கினார் என்பது ஊர் வழக்கு. பிற்காலத்தில் பவாஸ் மியான் என்பவர் ஜப்பானிய முறைகளைப் புகுத்திப் பொம்மைகளின் வடிவையும் நேர்த்தியையும் வளர்த்தார். சென்னபட்டணத்துப் பொம்மையின் தந்தை என்று அவரையே சொல்வார்கள். இடையில் சீனத்துப் பொம்மைகள் மலிந்த விலையில் வந்து குவிந்தபோது பல பட்டறைகள் மூடின. 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020இல் பொம்மை இறக்குமதி வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் மத்திய சர்க்கார் உயர்த்தியது. 2021 முதல் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமானது. பதிவு பெற்ற கைவினைஞருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. இவற்றால் சற்று மூச்சு விட்டார்கள் என்றும், மூச்சு விட்ட சமயம் பார்த்துச் சாலை ஒதுங்கிவிட்டது என்றும் பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூடியைப் பானையின்மேல் வைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. மீண்டும் இயந்திரத்தில் மாட்டி, அடிவிளிம்பை ஒரு மயிரிழை சீவினார். "மூடி பானையில் விழக்கூடாது ஸார், உட்கார வேண்டும்" என்றார். பானையைத் தலைகீழாகக் கவிழ்த்தார், மூடி விழவில்லை. விரலால் தொட்டதும் கழன்று வந்தது.

"இந்தச் செட்டை என்ன விலைக்குக் கொடுத்தார்?" என்று அப்போது கேட்டார். அறுநூறு என்றேன். அவர் கை ஒரு கணம் நின்றது. "ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை ஒன்றாவது போயிற்றே" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையை எடுத்துக்கொண்டார். உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் அவருக்குக் கூலி. விலை குறைந்தால் கடைக்காரர் அடுத்த முறை கூலியைத்தான் குறைப்பார் என்பதை அவர் சொல்லவில்லை. பக்கத்தில் கட்டை அறுத்துக்கொண்டிருந்த அம்மாள் சொன்னார். மூடிக்குக் காசு கொடுத்தேன். பெரியவர் வாங்க மறுத்துவிட்டார். தம் செட்டில் மூடி இல்லாமல் போனது தம் பிழையாம்.

அவருக்கு ஒரு மகன். பிடதிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், நோய்க்கு வைத்தியம். தூசியில் தகப்பன் இருமுவதை இருபது ஆண்டு கேட்டவன் வேறு எங்கே போவான்? அவன் போனதில் பெரியவருக்கு வருத்தம் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆனால் மகனுக்கென்று பிடி சிறிதாகச் செய்து வாங்கிய உளி ஒன்று சுவரில் செருகியிருந்தது. அதைப் பற்றி நான் கேட்டதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.

திரும்பும் வண்டியில் பழக்க தோஷத்தால் உருப்படிகளை எண்ணினேன். கடையில் பதினெட்டு என்று விற்றது, மூடி, உலக்கை, குழவி, திருகையின் மேல்கல், கைப்பிடி எனத் தனித்தனியே கடைந்ததை எண்ணினால் 29 வந்தது. அந்த மூடிக்கு என் கைக்கடிகாரப்படி பதினோரு நிமிடம் ஆயிற்று. தேர்ந்த கை, தொடர்ந்து செய்யும் வேலை, ஒன்றுக்கு ஐந்து நிமிடமே என்று குறைத்து வைத்தாலும் 145 நிமிடம். இதில் மரம் அறுத்ததும், உலர்த்தியதும், அரக்குப் பிசைந்ததும் சேரவில்லை. கால் மணி நேரம் கூடுதலாக இருந்தால் அதற்குக் கணக்கு எழுதி அனுப்பும் நான், இரண்டரை மணி நேர வேலையில் 150 ரூபாய் குறைத்துவிட்டுச் சாமர்த்தியசாலி என்று எண்ணிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்திருக்கிறேன். கடைக்குத் திரும்பிப் போய் அதைக் கொடுத்திருக்கலாம். வண்டிக்கு நேரமாயிற்று என்று மனம் ஒரு சாக்குச் சொல்லிற்று, நானும் கேட்டுக்கொண்டேன். நிலையத்தில் அன்று இருபது நிமிடம் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுவதே நேர்மை.

வீட்டில் மகள் பொட்டலத்தைப் பிரித்த வேகத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு பானையைக் கவிழ்த்தார், மூடி விழவில்லை. "கை தெரிந்தவன்" என்றார். சிறிது நேரம் தேடிவிட்டு, "ஏலே, இதிலே இட்லிக் கொப்பரை எங்கே?" என்று கேட்டார். அம்பாசமுத்திரத்துப் பெட்டியில் அது இருந்ததாம், எனக்கு நினைவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் கிளம்பும்போது ஒரு காகிதத்தை என் சட்டைப் பையில் வைத்தார். பழைய மின்சாரக் கட்டணச் சீட்டின் பின்புறத்தில், நடுங்கும் கோடுகளால் கொப்பரை ஒன்று வரைந்திருந்தார். உள்ளே வைக்கும் தட்டு தனியே, குழிகள் நான்கு. ஆவி போக மூடியில் ஒரு துளை. துளையைச் சுற்றி இரண்டு முறை கோடு போட்டு, "இதை மறக்கப் போகிறார், சொல்லிவிடு" என்று எழுதியிருந்தது. வரும் ஞாயிறு காலை வண்டியில் போகிறேன்.