கோல் ஊன்றிய கை



புறநானூற்றில் 243ஆம் பாட்டைப் பாடிய முதியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. தம் ஊன்றுகோலைப் பற்றி அவர் பாட்டில் சொன்ன சொற்களே பெயராகி, தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்கப்படுகிறார். பூண் பிடித்த பெரிய கோலை உடையவர் என்பது பொருள்.

இருமலுக்கு நடுவே சில சொற்களே பேச முடிகிற அவருக்குச் சிறுவயது நினைவு வருகிறது. நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க, ஆழமான மடுவில் குதிக்கிறார். அடிவரை போனதற்குச் சான்றாக மணலை அள்ளி வருகிறார். (எங்கள் அமராவதி அணையில் முதலைகள் உண்டு. இங்கே யாரும் முயல வேண்டாம்!)

இப்பாட்டு கையறுநிலைத் துறையில் வைக்கப்பட்டுள்ளது. இறந்துபோன மன்னனுக்கோ வள்ளலுக்கோ இரங்கிப் பாடுவது அத்துறை. இங்கே இறந்தது இளமை. அந்த இளமையிலும் அவர் ஏங்குவது சுகத்துக்கு அல்ல, அந்த ஆழத்துக்கு.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் 'யுலிசஸ்' கவிதையில் ஒரு முதிய அரசன், அரண்மனையில் இருப்புக்கொள்ளாமல் மீண்டும் கடல்பயணம் போகத் துடிக்கிறான். நண்பர் ஆர்தர் ஆலம் இறந்த துயரத்தில், 1833இல் அதை எழுதியபோது டென்னிசனுக்கு வயது 24. அதனால்தானோ என்னவோ, அந்த அரசனுக்கு மூட்டுவலியே இல்லை. நம் முதியவர் இருமுகிறார். நான் இவரைத்தான் அதிகம் நம்புகிறேன்.

பனியன் கம்பெனியில் நாற்பது வருடம் உழைத்து ஓய்ந்த ஒருவர், "தனியா ஒருதடவை வேளாங்கண்ணி போயிட்டு வர்றேன்" என்றால், "இந்த வயசுல எதுக்குங்கப்பா அலைச்சல்?" என்கிறார்கள் பிள்ளைகள். அக்கறைதான். ஆனால் அவர் ஓய்வு கேட்கவில்லையே! விவிலியத்தில் 85 வயதுக் காலேபும் யோசுவாவிடம் கேட்டது ஓய்வை அல்ல. ஏனாக்கியரும் அரண்சூழ்ந்த நகர்களும் இருந்த மலைநாட்டைத்தான் (யோசுவா 14).

தமிழில் இதற்கு நிகராக எனக்குத் தெரிவது, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடிய அப்பரின் கயிலைப் பயணம். வயது முதிர்ந்த அப்பர் தனியே வடக்கே நடக்கிறார். பாதம் தேய்ந்ததும் கைகளால் தவழ்கிறார், கைகள் தேய்ந்ததும் மார்பால் ஊர்கிறார், பிறகு புரள்கிறார். எதிர்ப்பட்ட முனிவர் திரும்பிப் போகச் சொல்ல, மறுத்துவிடுகிறார். கடைசியில் அங்குள்ள பொய்கையில் மூழ்கும்படி ஆணை வருகிறது. மூழ்கியவர், காவிரிக்கரைத் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். கயிலைக் காட்சி அங்கேயே கிடைக்கிறது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள்.