பின்லாந்துக் காட்டில் தூசி எண்ணுவோர்

குளிர்காலத்தில் தில்லியிலும் கான்பூரிலும் பாட்னாவிலும் வாழும் நம்மவர்க்குக் காற்றில் மிதக்கும் தூசியைப் பற்றி விளக்கிச் சொல்லத் தேவையில்லை. விடிந்து வெகுநேரமாகியும் எதிர்வீடு தெரியாத காலைப்பொழுதுகளை அவர்கள் நன்கறிவார்கள். ஆனால் அந்த மங்கலில் அடுப்பும் ஆலையும் மோட்டார் வண்டியும் சேர்த்தது எவ்வளவு, மனிதன் இல்லாவிடினும் இயற்கையே காற்றில் கலந்துவிடும் பங்கு எவ்வளவு என்று கேட்டால், நகரத்தில் நின்றுகொண்டு விடை கூற முடியாது. தண்ணீர் கலந்த பாலை மட்டுமே கண்டவன் நல்ல பாலின் தன்மையை எங்ஙனம் சொல்வான்? ஊர்களுக்கும் ஆலைகளுக்கும் எட்டாத காட்டுக்குத்தான் செல்ல வேண்டும்.

அத்தகைய காடொன்று பின்லாந்து நாட்டில், தாம்பெரே நகருக்கு வடகிழக்கே, ஹூத்தியாலா என்னுமிடத்தில் இருக்கிறது. 1962ஆம் ஆண்டில் விதைத்து வளர்க்கப்பட்ட பைன் மரக்காடு அது. வன விஞ்ஞானியான பெர்ட்டி ஹாரியும் பௌதிக விஞ்ஞானியான மார்க்கு குல்மலாவும் முன்னின்று முயல, ஹெல்சிங்கி சர்வகலாசாலை அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது. மரத்தை அறிந்தவர் ஒருவர், காற்றை அறிந்தவர் ஒருவர்; அவ்விருவரும் கூடியதுதான் இம்முயற்சியின் சிறப்பு என்று நாம் கருதுகிறோம். 1996 ஜனவரி தொடங்கி அக்காட்டுக் காற்றின் துகள்கள் இரவும் பகலும் எண்ணப்பட்டு வருகின்றன.

கண்ணுக்குப் புலப்படாததை எண்ணுவது எப்படி? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூற்றுக்கு நானோமீட்டர் என்று பெயர். இங்கே எண்ணப்படும் துகள்களில் மிகச் சிறியவற்றின் குறுக்களவு மூன்றே நானோமீட்டர். முதலில் துகள்களுக்கு மின்னூட்டம் தந்து, மின்புலத்தின் ஊடே செலுத்துகிறார்கள். சிறியவை விரைவாக விலகும். பெரியவை மெல்ல விலகும். மின்னழுத்தத்தை மாற்ற மாற்ற, சல்லடையில் சலித்தாற்போல ஒவ்வோர் அளவும் தனித்தனியே பிரிந்து வரும். பிறகு அவற்றைச் சாராய வகையைச் சேர்ந்த ஒரு நீர்மத்தின் ஆவியில் நுழைத்துக் குளிரச் செய்கிறார்கள். புல்நுனியில் பனி படிவதுபோல் ஆவி துகளின்மேல் படிகிறது. துகள் பருத்து, ஒளிக்கற்றையைக் கடக்கும்போது மின்னுகிறது. அந்த மின்னலைத்தான் கருவி எண்ணுகிறது. இவ்வாறு எல்லா அளவுகளையும் ஒரு முறை எண்ணி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். சாதாரண நாளில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் ஏறத்தாழ இரண்டாயிரம் துகள்கள் தென்படுகின்றன. நம் பெருநகரங்களிலோ இது பல்லாயிரமாகும்.

ஆனால் எல்லா நாளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வெயில் தெளிந்த வசந்தகால நாட்களில், பகலில் திடீரென்று ஆயிரக்கணக்கான புதிய துகள்கள் தோன்றுகின்றன. எங்கிருந்தோ பறந்து வந்தவை அல்ல. காற்றில் கரைந்திருந்த ஆவிகளே திரண்டு அங்கேயே பிறந்தவை. மணிக்குச் சில நானோமீட்டர் வீதம் அவை வளர்கின்றன. நேரத்தையும் துகளின் அளவையும் வைத்துப் படம் வரைந்தால், அந்த வளர்ச்சி ஒரு வளைந்த வாழைப்பழம்போல் காட்சியளிக்கும். ஆராய்ச்சியாளர் அதை வாழைப்பழம் என்றே அழைக்கிறார்கள். வாழை விளையாத நாட்டில் இப்பெயர் வழங்குவது நமக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஐம்பது முதல் நூறு நானோமீட்டர் வரை வளர்ந்த துகள்மீது நீராவி படிந்து மேகத்துளி உருவாகக்கூடும். மேகம் மிகுந்தால் சூரிய ஒளி திரும்பிச் செல்வதும் மிகும். ஆகவே, காட்டில் பிறக்கும் இத்துகள்களுக்குப் பூமியின் வெப்பக் கணக்கில் ஓர் இடமுண்டு.

இத்துகள்களின் மூலப்பொருள் யாது? வளர்ச்சிக்குப் பெரும்பங்கு தருவது பைன் மரத்தின் மணமே. குமாவுன் மலைகளில் பைன் மரத்தைக் கீறிப் பிசின் வடிப்பதைக் கண்டவர்கள் அந்த வாசனையை அறிவார்கள். கற்பூரத் தைலம் எடுப்பது அதிலிருந்துதான். அந்த ஆவி காற்றிலுள்ள ஓசோனுடன் கூடி, எளிதில் ஆவியாகாத பொருளாக மாறித் துகளின்மேல் படிந்துவிடுகிறது. துகள் கருக்கொள்ளும் கட்டத்தில் கந்தக அமிலம் முக்கியமானது. கந்தகமோ பெரும்பாலும் மனிதனின் புகைபோக்கிகளிலிருந்து வருவது.

இதற்குச் சான்று வடகோடியிலிருந்து கிடைத்தது. லாப்லாந்தில், ருஷ்ய எல்லையை அடுத்த வாரியோ என்னுமிடத்தில், இதே சர்வகலாசாலையின் மற்றொரு நிலையம் 1991 முதல் இயங்கிவருகிறது. எல்லைக்கு அப்பால் கோலா தீபகற்பத்தில் நிக்கல், செம்பு உருக்கும் ஆலைகள் இருந்தன. கீழ்க்காற்று அடித்தால் அவற்றின் கந்தகப் புகை காட்டுக்குள் வந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து அப்புகை குறையத் தொடங்கியது. அதனுடன் வாரியோவில் புதிய துகள்கள் பிறக்கும் நாட்களும் குறைந்து வந்தன. 2014இல் வெளியான ஆராய்ச்சி இக்குறைவுக்குக் கந்தகம் குறைந்ததே தெளிவான காரணம் என்று காட்டியது. மூன்றாண்டு அளந்து நிறுத்தியிருந்தால் இது தெரியவந்திராது. காற்று ஆண்டுக்காண்டு மாறுவதால், பத்தாண்டுகளில் நேரும் சரிவு சில ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தில் மறைந்துபோகும். விட்டுப்போன ஆண்டின் காற்றைப் பிறகு பிடித்து அளக்கவும் வழியில்லை. பண உதவி கோரும்போது, ஒரே எண்ணை ஒரே இடத்தில் ஏன் மீண்டும் மீண்டும் எடுக்கிறீர்கள் என்று கேட்போருக்கு இதைக் காட்டிலும் நல்ல மறுமொழி இல்லை.

பூமி வெப்பமாக ஆக மரங்கள் மிகுதியாக ஆவியை வெளியிடுகின்றன. அதனால் துகள்கள் மிகுந்து, ஓரளவு குளிர்ச்சி உண்டாகிறது. பல இடங்களின் அளவீடுகளைத் தொகுத்து 2013இல் இது உறுதிசெய்யப்பட்டது. எனினும், உலகம் முழுவதையும் நோக்கினால் அக்குளிர்ச்சி மிகச் சிறிது. ஏறிவரும் வெப்பத்தைக் காடு ஈடுசெய்துவிடும் என்று யாரும் நிம்மதி கொள்வதற்கில்லை.

இம்முறை நம் நாட்டிலும் கையாளப்பட்டது. உத்தராகண்டில், கடல்மட்டத்துக்குமேல் இரண்டாயிரம் மீட்டருக்கு அதிகமான உயரத்திலுள்ள முக்தேசுவரத்தில், பின்லாந்து வானிலை ஆராய்ச்சிக் கழகமும் தில்லியைச் சேர்ந்த டெரி நிறுவனமும் இணைந்து 2005இல் காற்றுத்துகள்களை அளக்கத் தொடங்கின. மலைக்காடு சூழ்ந்த அவ்விடத்திலும் மழைக்காலத்துக்கு முந்திய மாதங்களில் புதிய துகள்கள் பிறந்தன. ஆனால் அவை பிறந்தது, வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள சமவெளியின் புகைக்காற்று மலைச்சரிவில் மேலேறி வந்த நேரங்களில்.