மலிவான கார் எது? மண்ணெண்ணெய்க் காலம் கற்றுத் தந்த கணக்கு

"மாமா, ஒரு கார் பார்த்திருக்கிறன். எடுக்கட்டா?"

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்த எனது மருமகன் இப்படிக் கேட்டான். வயது 26. யாழ்ப்பாண நகரில் கைத்தொலைபேசி திருத்தும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறான். நான்கு வருடங்களாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. அவன் கேட்ட கார் குடும்பத்தை ஏற்றிச் செல்வதற்கானதல்ல. பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் மாற்றங்கள் செய்து, களுத்துறை மாவட்டத்திலுள்ள கட்டுகுருந்த ஓடுபாதையில் ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதே அவனது ஆசை.

அவன் பார்த்து வைத்திருந்தது டர்போ பூட்டிய ஜப்பான் கார். எஞ்சின் ஏற்கனவே கழற்றி மாற்றப்பட்டது. "கொஞ்ச வேலைதான் இருக்கு, விலை குறைவு மாமா" என்றான்.

"விலை குறைவு" என்ற இதே சொல்லை நம்பித்தான் 2003ஆம் ஆண்டு நானும் கையைச் சுட்டுக்கொண்டேன். அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். பழைய வாகனம் வாங்க எண்ணியிருக்கும் வாசகர்களுக்கும் அது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வாப்பாவின் ஏ40

எங்கள் வாப்பாவுக்குச் சோனகத் தெருப் பக்கம் இரும்புச் சாமான் கடை இருந்தது. கடையோடு ஓர் ஒஸ்ரின் ஏ40 காரும் இருந்தது. 1990 அக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாண நகரை விட்டு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையும் வீடும் காரும் அப்படியே நின்றன. நாங்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். காரின் திறப்பு மட்டும் வாப்பாவின் சட்டைப் பையில் இருந்தது.

2002ஆம் ஆண்டு ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் நான் முதன்முதலாக ஊர் பார்க்க வந்தேன். அப்போது வாப்பாவின் காரை முன்பு பழுது பார்த்த மெக்கானிக் அண்ணையைச் சந்தித்தேன். "தம்பி, உங்கட வாப்பாவின்ர கார் சும்மா நிக்கேல்ல. மண்ணெண்ணெயில ஓடினது. எத்தனையோ வருத்தக்காரரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனது" என்றார். 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் எங்கே போனது என்பது அவருக்கும் தெரியவில்லை.

மண்ணெண்ணெயில் ஓடிய பெற்றோல் கார்கள்

பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதிலும் அரிதாக இருந்தது. அந்த நாட்களில் வீதியில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களே. 1950களிலும் 60களிலும் வந்து இறங்கியவை. தெற்கில் பலர் கழித்து ஒதுக்கிய இக்கார்கள் இங்கே ஏன் உயிர் வாழ்ந்தன என்று அண்ணையிடம் கேட்டேன். அவர் தந்த விளக்கத்தை ஒரு தொழில்நுட்பப் பாடம் என்றே சொல்லலாம்.

மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே முதலில் ஒரு சிறு போத்தல் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, அது நன்கு சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அடுத்த பிரச்சினை தட்டல். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகக் குறைவு. எஞ்சினின் அழுத்த விகிதம் கூடினால் எரிபொருள் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை அடித்து நொறுக்கும். ஏ40இன் அழுத்த விகிதம் சுமார் 7. பிற்கால ஜப்பான் பெற்றோல் கார்களில் அது 9க்கும் 10க்கும் போகிறது. இதனால்தான் புதிய கார் படுத்துவிட, பழைய கார் புகை கக்கியபடியேனும் ஓடியது.

அதற்கும் விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகி பெயாரிங் தேயும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ள வேண்டும், பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துப்புரவாக்க வேண்டும். இவற்றை எல்லாம் வீதியோரக் கராஜில் சாதாரண ஸ்பானர்களைக் கொண்டே செய்ய முடிந்தது. கிடைக்காத உதிரிப்பாகத்தைக் கடைசல் பட்டறையில் கடைந்து எடுத்தார்கள்.

"எங்கட கைக்கு அடங்கின எஞ்சின் தம்பி, அதுதான் விசயம்" என்றார் அண்ணை.

நான் செய்த பிழை

இவ்வளவையும் கேட்ட பிறகும் மறு வருடம் நான் பிழை விட்டேன். வாப்பாவின் கார் போலவே ஓர் ஏ40 விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடி வந்தேன். அண்ணையைக் கூட்டிப் போகவில்லை. விலை குறைவு, நிறமும் அதே நிறம். அங்கேயே பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

புத்தளம் நோக்கிப் போகும் வழியில் மதவாச்சிக்குக் கிட்ட எஞ்சின் கொதித்து நின்றது. ரேடியேற்றரைக் கழற்றிப் பார்த்தால் குழாய்களுக்குள் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் பூமி. நமது கிணற்று நீர் கடினமானது. வருடக் கணக்கில் அந்த நீரை ஊற்றினால் ரேடியேற்றருக்கும் கேத்தலின் கதிதான். சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்து, அதைச் சீர் செய்யச் செலவான தொகை கார் வாங்கிய விலையைத் தாண்டியது. கடைசியில் அரை விலைக்கு விற்றேன். வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணையைக் காட்டினியா?" என்று மட்டும் கேட்டார்.

பந்தயக் காருக்கும் அதே கணக்குத்தான்

ஓடுபாதையில் ஓட்டும் காருக்கு இது பொருந்துமா என்று மருமகன் கேட்டான். அங்கேதான் அதிகம் பொருந்துகிறது. வீதியில் ஒரு வருடத்தில் வரும் தேய்மானம் ஓடுபாதையில் ஒரே நாளில் வந்துவிடக்கூடும். யாழ்ப்பாணத்தில் ஓடுபாதை கிடையாது. கட்டுகுருந்த போக வேண்டுமானால் கொழும்பையும் தாண்டி 400 கிலோமீற்றருக்கு மேல் பயணம். அங்கே ஒரு சிறு பாகம் உடைந்தாலும் அந்த நாள் வீண், பணமும் வீண்.

உலகத்தின் புகழ் பெற்ற பந்தயக் கார்களில் ஒன்றான மினியும் ஏழைக் காராகத்தான் பிறந்தது. 1956 சுயெஸ் நெருக்கடியால் ஏற்பட்ட எரிபொருள் தட்டுப்பாட்டை மனதில் வைத்து அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த கார் அது. 1959இல் வெளிவந்தது. நமது மொறிஸ் மைனரை வரைந்தவரும் அவரே. மினிக்குள் இருந்ததும் மைனரில் இருந்த அதே குடும்பத்து எஞ்சின்தான். ஜோன் கூப்பர் அதை எடுத்து வலுவைக் கூட்டியதோடு முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் பூட்டினார். 1964இல் மொன்டி கார்லோ பந்தயத்தில் பெரிய கார்களை எல்லாம் அது முந்தியது. பாரம் குறைவு, அமைப்பு எளிது, பாகம் எங்கும் கிடைக்கும். வெற்றியின் இரகசியம் இவ்வளவுதான்.

இன்றைக்கு அந்த இடத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவை நிசான் மார்ச், டொயோட்டா ஸ்டார்லட், மாருதி 800 போன்ற சிறு கார்கள். மார்ச் கே11இன் 1 லீற்றர் எஞ்சின் தருவது சுமார் 60 குதிரைவலுதான். ஆனால் பாரம் குறைவாக இருப்பதால் பிரேக்கும் ரயரும் தாக்குப் பிடிக்கும். உடைந்தால் ஊரிலேயே பாகம் தேடலாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியதை நாம் அறிவோம். ஆகவே வாங்கும்போதே பிழை விட்டால் அதைத் திருத்துவது முன்னரை விடச் செலவானது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, புத்தகம். செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப் போக வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டு, அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாமல் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொட வேண்டாம். மருமகன் பார்த்த டர்போ கார் இந்த இடத்திலேயே தோற்றது.

இரண்டாவது, அடிப்பாகம். கடற்கரைப் பக்கம் நின்ற கார், பண்ணைப் பாலத்தால் தீவுப்பகுதிக்கு நாளும் ஓடிய கார் என்றால் உப்புக் காற்று அடித்தகட்டைத் தின்றிருக்கும். மேலே அடித்த புதுப் பெயின்ற் அதைக் காட்டாது. காரைத் தூக்கி, சஸ்பென்சன் பூட்டும் இடங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ரேடியேற்றர். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து உள்ளே வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இது எனது சொந்தக் காசில் படித்த பாடம்.

நான்காவது, சிலிண்டர் அழுத்தம். நான்கு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளந்து பார்க்கக் கராஜில் சிறு கருவி இருக்கிறது. அரை மணித்தியால வேலை. ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றை விட நன்கு குறைந்திருந்தால் எஞ்சினைத் திறக்க வேண்டி வரும் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஓடுவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும்

இளைஞர்கள் முதலில் செலவழிப்பது சத்தம் போடும் புகைக்குழாயிலும் எஞ்சினிலும்தான். நான் சொல்வது நேர்மாறு. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரை விட 100 கிலோமீற்றரில் ஓடும் காரை நிறுத்த பிரேக் ஏறத்தாழ 2.8 மடங்கு சக்தியை விழுங்க வேண்டும். அந்தச் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டொட் 4 வகைப் புதிய ஒயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அது 155 பாகைக்கே இறங்கிவிடலாம். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. எனவே முதல் மாற்றம் புதிய பிரேக் ஒயில், நல்ல பிரேக் பாட், பிரேக் குழாய்கள். அடுத்தது ரயர். பிறகு இருக்கை, ஆசனப்பட்டி, தலைக்கவசம். எஞ்சினைத் தொடுவது எல்லாவற்றுக்கும் பிறகு.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் புகுந்து 7 பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒழுங்கு செய்யப்பட்ட இடத்திலேயே இப்படி என்றால் இரவில் ஏ9 வீதியில் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் வேறு என்ன சொல்ல? வீதி பந்தயத் தடம் அல்ல. சாதாரண வாகனக் காப்புறுதி பந்தய ஓட்டத்துக்கு வழக்கமாகப் பொருந்தாது என்பதும் கவனிக்கத்தக்கது.

நூறு ரூபாக் கணக்கு

மருமகனுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இதுதான். கையில் 100 ரூபா இருந்தால் காருக்கு 40 ரூபா. பிரேக், ரயர், பாதுகாப்புக்கு 30 ரூபா. மீதி 30 ரூபா பெட்டியில் இருக்க வேண்டும். அதில்தான் போக்குவரத்தும், உடைவதைத் திருத்துவதும் அடங்கும். முழுப் பணத்தையும் காரில் கொட்டியவன் முதல் உடைவோடு அதை முற்றத்தில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருப்பான். பொழுதுபோக்குக் காருக்காகக் கடன்படுவதோ, லீசிங் எடுப்பதோ கூடவே கூடாது. உழைக்காத வாகனம் தவணை கட்டாது.

டர்போ காரை அவன் கைவிட்டான். மனம் இல்லாமல்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு சுன்னாகத்தில் ஒரு பழைய மார்ச் இருப்பதாகச் சொன்னான். கதவில் நசுங்கல், நிறம் மங்கல். ஆனால் புத்தகம் சுத்தம், பெயர் மாற்றமும் ஒழுங்காக இருக்கிறது. "சரி, போய்ப் பார்ப்பம்" என்றேன்.

இம்முறை தனியாகப் போகவில்லை. எழுபது வயதைத் தாண்டிவிட்ட மெக்கானிக் அண்ணையையும் ஏற்றிக்கொண்டு போனோம். அவர் காரைச் சுற்றி வரவில்லை, பெயின்ற்றைத் தடவவில்லை. நேரே முன்னுக்குப் போய் ரேடியேற்றர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, இதில சுண்ணாம்பு இல்லை" என்றார்.

மருமகன் அன்றைக்கே முற்பணம் கொடுத்தான்.