தேமல்னு விட்டுடாதீங்க: பிள்ளைகளுக்கு வரும் தொழுநோய்

ஒரு ஊரில் தொழுநோய் இன்னும் பரவுகிறதா என்று தெரிய வேண்டுமா? புதிய நோயாளிகளில் 15 வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று பாருங்க. இந்தக் கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி காட்டச் சராசரியாக 5 வருஷம் ஆகும். சிலருக்கு 20 வருஷம்கூட ஆகலாம். அதனால் 60 வயதுக்காரருக்கு எப்போது தொற்றியது என்று சொல்வது கஷ்டம். 8 வயதுப் பிள்ளைக்கு வந்தால் தொற்று சமீபத்தியது. சிகிச்சை எடுக்காத யாரோ ஒருவர் பக்கத்தில், பல நேரம் வீட்டுக்குள்ளேயே, இருக்கிறார் என்று அர்த்தம்.

2005 டிசம்பரில் இந்தியா, 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை எட்டியது. அதை 'ஒழிஞ்சு போச்சு' என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் உலகத்தின் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேல் இன்றும் இங்கேதான்.

பிள்ளைகளிடம் கண்டுபிடிப்பது ஏன் சிரமம்? திட்டு வலிக்காது, அரிக்காது. பிள்ளை சொல்லாது. கன்னத்தில் வெளுத்தால் 'வயித்துல பூச்சி', முதுகில் வெளுத்தால் 'தேமல்' என்று நாமே முடிவு கட்டிடுறோம். பெரும்பாலும் அது சாதாரணத் திட்டாகத்தான் இருக்கும். சந்தேகம் வர வேண்டியது, வெளுத்தோ சிவந்தோ உள்ள இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டு, எங்கே தொட்டேன் என்று விரலால் காட்டச் சொல்வார்கள். இதிலும் ஒரு சிக்கல்: முகத்தில் நரம்புகள் அதிகம் என்பதால் அங்கே உணர்ச்சி மாறாமலே இருக்கலாம், சின்னக் குழந்தை சரியாகக் காட்டாது. அதனால்தான் முழங்கை நரம்பு தடித்திருக்கிறதா என்றும் மருத்துவர் தடவிப் பார்ப்பார். தெளிவாகத் தெரியாவிட்டால் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

கூட்டு மருந்து சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். நோயின் அளவைப் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பரப்பும் தன்மை போய்விடும். பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் மருந்து கிருமியைக் கொல்லுமே தவிர, ரொம்ப நாள் கெட்டுப்போன நரம்பைப் பழையபடி ஆக்காது. விரல் மடங்கிய பிறகு வருவதற்கும், திட்டோடு வருவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இன்னொன்று, பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு நிறுத்தினால் பாதி வேலைதான். தாத்தா, பாட்டி உட்பட வீட்டில் எல்லோரையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. 2 வயது நிரம்பிய குழந்தைகளுக்கும் அது பொருந்தும்.

அடுத்த முறை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது முதுகு, பிட்டம், கை கால் எல்லாம் ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்க.